இராசமணி கொடுத்த பச்சை

நெடுந்தீவு மேற்கில் செம்மறிக்கார இராசமணி என்று கேட்டால் யாரும் வழிகாட்டுவார்கள். வெறும் இராசமணி என்று கேட்டுவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். எந்த இராசமணி, சங்கக்கடைக்குப் பின்னால் இருக்கிறவளோ, வைரவர் கோயிலடியில் இருக்கிறவளோ என்று உங்களையே திருப்பிக் கேட்டு, நடுவெயிலில் நிற்கவைத்து, நீங்கள் வந்த விஷயத்தையும் பிடுங்கிக்கொண்டுதான் விடுவார்கள். அந்தத் தீவில் அப்போது வாகனம் என்று சொல்ல இரண்டோ மூன்றோதான் ஓடின. ஆனால் மேற்கில் ஒரு வீட்டில் சட்டி உடைந்தால் கிழக்குக் கரைக்குச் செய்தி உடனே போய்விடும்.

இராசமணி அங்கே பிறந்தவளல்ல. வேலணைத் தீவில் சரவணை அவளுடைய ஊர். அறுபத்திரண்டாம் ஆண்டு, இருபது வயதில், சிவபாதத்துக்கு வாழ்க்கைப்பட்டு வள்ளத்தில் வந்து இறங்கினாள். கூடவே இரண்டு பெண் செம்மறிகளும் இறங்கின. மகள் கடல் தாண்டித் தனியே போகிறாளே என்று தகப்பன் கடைசி நேரத்தில் ஏற்றிவிட்டவை அவை. வழி நெடுகக் கத்திக்கொண்டே வந்தன.

"சீதனம் கத்திக்கொண்டு வருது!" என்று இறங்குதுறையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

கூறைச் சேலையோடு நின்ற புதுப்பெண் தலையைக் குனிந்திருக்க வேண்டும். இவள் நிமிர்ந்தாள். "கத்தினாலும் என்ரை சீதனம் வருசம் தவறாமல் குட்டி போடும். உங்கடை வீட்டுச் சீதனம் அலுமாரிக்குள்ளை கிடந்து என்னத்தைப் போட்டது?"

அந்த வாயைப் பற்றி ஊர் ஒரு மாதம் கதைத்தது. சொன்ன வார்த்தை பொய்க்கவுமில்லை. செம்மறிகள் வருசம் தவறாமல் போட்டன. பத்து வருசத்தில் நாற்பதுக்கு மேல் பெருகின. ஆனால் இராசமணிக்குத்தான் ஒன்றும் தங்கவில்லை. அறுபத்தைந்தில் நாலு மாதத்தில் ஒன்று போனது. அறுபத்தொன்பதில் ஐந்து மாதத்தில் இன்னொன்று. அன்றைக்கு இறங்குதுறையில் தான் சொன்னதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கும்.

சிவபாதம் கண்டிப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் காசுமேசையில் இருந்தான். தைப்பொங்கலுக்கும், ஆனியில் நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கும் வருவான். மற்ற நாட்களில் இராசமணிக்கு ஆடுதான் துணை. விடிந்ததும் அவற்றைப் புல்வெளிக்குச் சாய்த்துக்கொண்டு போவாள். பொழுதுபடும் நேரம் முருகைக்கல் அடுக்கிய வேலிகளுக்கிடையிலுள்ள ஒடுங்கிய ஒழுங்கையால் திருப்பிக்கொண்டு வருவாள். முன்னால் எப்போதும் ஒரு கிழட்டுச் செம்மறி நடக்கும். சரவணையிலிருந்து வந்த ஆட்டின் மகள் அது. அதற்குச் 'சரவணையாள்' என்றே பெயர் வைத்திருந்தாள்.

பக்கத்து வளவு அன்னபூரணத்தை இங்கே சொல்லாமல் விட ஏலாது. மூன்று பிள்ளை பெற்றவள். அதனால் பிள்ளைப்பேறு பற்றி அவள் சொல்வதுதான் அந்த ஒழுங்கையில் சட்டம். இராசமணிக்கு முதலாவது போனபோது, "முதல்நாள் முருங்கையிலை வறை திண்டவள். எனக்கு அப்பவே தெரியும்," என்றாள். இரண்டாவது போனபோது பப்பாசிப்பழத்தில் பழியைப் போட்டாள். முருங்கையிலை சூடு, பப்பாசி அதைவிடச் சூடு, பனம்பழம் பித்தம், பூசணி கிரந்தி என்று அவளிடம் ஒரு பெரிய பட்டியல் இருந்தது. எல்லாருக்கும் வாய்காட்டுகிற இராசமணி இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு அதை மனப்பாடம் செய்தாள். பாவம், வேறு யார்தான் அவளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள்?

எழுபத்துமூன்றாம் ஆண்டு ஐப்பசியில் மழை வரவில்லை. கார்த்திகையிலும் வரவில்லை. கிணறுகள் உவர்த்தன. வெளியில் புல் கருகி, பிறகு காற்றோடு போய், வெறும் கல்லும் மண்ணும் தெரிந்தது. கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசிக்கே அடிபிடியாயிருந்த காலம் அது. இராசமணி தன் ஆடுகளைச் சாகவிடவில்லை. பெரிய பானையில் தவிடும், காய்ந்த பனங்கிழங்கான ஒடியலை இடித்த மாவும், கிழங்குத் தும்புமாய்ப் போட்டுக் கஞ்சி காய்ச்சி ஊற்றினாள்.

"மனிசருக்கே கூழுக்கு வழியில்லை. உவள் ஆட்டுக்கெல்லோ அடுப்பு மூட்டுறாள்," என்றாள் அன்னபூரணம்.

"உங்களுக்கும் வேணுமெண்டால் ஒரு சிரட்டை கொண்டு வாங்கோ அக்கா," என்றாள் இராசமணி.

அந்தத் தைக்குச் சிவபாதம் வந்து போனான். மாசியில் இராசமணிக்கு நாள் தள்ளிப்போனது. நாலைந்து வருசத்துக்குப் பிறகு. அவள் ஒருவருக்கும் மூச்சுவிடவில்லை. வள்ளமேறி நேரே நயினாதீவுக்குப் போய் அம்மன் சந்நிதியில் விழுந்து கிடந்தாள். பிள்ளை கையில் வரும்வரை மச்சம் தொடமாட்டேன், மீனில்லை, இறைச்சியில்லை, முட்டையுமில்லை என்று நேர்ந்துகொண்டு வந்தாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. இந்த முறையும் போனால் இனி இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

பங்குனியில் ஆடுகள் குட்டி போடத் தொடங்கின. முதலில் சரவணையாள்.

குட்டி உயிரோடுதான் விழுந்தது. தாய் நக்கி எழுப்பியது. அது எழும்பவில்லை. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, பின்பாதியை மண்ணில் இழுத்துக்கொண்டு முலையைத் தேடியது. இராசமணி தூக்கிப் பார்த்தாள். முதுகெலும்பு நடுவில் ஒரு பக்கமாய் வளைந்து கிடந்தது. நேராக்கலாமென்று விரலால் மெல்ல அழுத்தினாள். குட்டி கத்தியது. மூன்றாம் நாள் செத்தது.

அடுத்த ஆட்டின் குட்டிக்கு இடுப்புக்கு மேலே, எலும்பு ஓடுகிற இடத்தில், தோல் மூடவில்லை. உள்ளே ஈரமாய் ஏதோ துடித்தது. அது அன்றைக்கே போய்விட்டது. மூன்றாவது குட்டி பார்வைக்கு முழுசாய் இருந்தது. முதுகு நேர், கால் நேர். ஆனால் தாயை விட்டு விலகி நடந்து போய்க் கல்வேலியில் முட்டியது. திரும்பியது, மறுபடி முட்டியது. விசர்க்குட்டி, புத்தி பேதலித்தது என்று நினைத்தாள் இராசமணி. முதுகு நேராயிருந்ததே போதும் என்றிருந்தது அவளுக்கு. அதன் கண்ணை அவள் பார்க்கவேயில்லை.

அன்னபூரணம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். குட்டியைப் பார்த்தாள். பிறகு இராசமணியின் வயிற்றைப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாள், அந்தக் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"எத்தினை மாசமடி?"

"மூண்டு."

"கடவுளே! பிள்ளைத்தாச்சி இருக்கிற வளவிலை இப்பிடிக் குட்டி விழப்படாது. நீ உதைப் பாக்கவும்படாது. உள்ளை போ."

இராசமணி உள்ளே போனாள். போய், கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் முதுகெலும்பை மேலிருந்து கீழே தடவிக்கொண்டு நின்றாள். தனக்குள்ளே கிடக்கிற அந்தச் சின்ன முதுகு எப்படி வளர்கிறதோ என்ற பயம் அன்றைக்குப் பிடித்தது. பிறகு அது ஒரு நாளும் விடவில்லை.

அவளுடைய கிணற்றடியில் ஒரு முருங்கை நின்றது. குளிக்கிற தண்ணீர், பானை கழுவுகிற தண்ணீர் எல்லாம் அதன் அடிக்குப் போகும். அதனால் அந்தப் பஞ்சத்திலும் அது மட்டும் தளதளவென்று நின்றது. மசக்கைக்காரியின் வாய் அந்த இலைக்கு ஊறியது. தேங்காய்ப்பூப் போட்டு ஒரு வறை, ஒரு பிடி சோறு. வேறெதுவும் தொண்டைக்குள் இறங்கமாட்டேன் என்றது. ஒருநாள் தன்னை அறியாமலே ஒரு சின்னக் கொப்பை முறித்துவிட்டாள். முறித்த பிறகுதான் அறுபத்தைந்தில் போனது ஞாபகம் வந்தது.

கையிலிருந்ததைக் கீழே போட்டாள். இந்த மரம் நின்றால் ஒருநாள் தின்றுவிடுவேன் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. கோடாலியை எடுத்துவந்து தானே தறித்தாள். முருங்கை மெத்தென்ற மரம், தறிக்க எவ்வளவு நேரம்! விழுந்த கொப்புகளைக் கண்டு சினை ஆடுகள் ஓடிவந்தன. தனக்கு ஆகாதது சினையாய் இருக்கிற ஆட்டுக்கும் ஆகாதுதானே? ஒரு இலையைக்கூட வாயில் வைக்கவிடாமல் அடித்துக் கலைத்தாள். கொப்பு முழுவதையும் இழுத்துக்கொண்டு போய் வேலிக்கு அப்பால், கடற்கரைப் பக்கம் எறிந்தாள். பின்னேரத்துக்குள் காற்று அவற்றைச் சருகாக்கிவிட்டது. அடிமரத்துக்குத் தண்ணீர் போகிற வாய்க்காலையும் மண்போட்டு அடைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

இனி, வள்ளத்தில் வந்த செய்தி.

பத்திநாதர் என்றொரு வள்ளக்காரர். கருவாடு ஏற்றிக்கொண்டு ஊர்காவற்றுறைக்குப் போய்வருகிறவர், நல்ல மனிதர். சித்திரையில் அவரிடம் இராசமணி சொல்லியனுப்பினாள். அங்கே இருக்கிற மாட்டு டொக்குத்தர் இரத்தினசபாபதியைக் கண்டு, செம்மறிக்குட்டி முதுகு வளைந்து பிறக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டு வரவேண்டும். நான்காம் நாள் அவர் வள்ளம் திரும்பியது. காற்று மாறிக்கொண்டிருந்தது. கரைக்கு வராமல் பாயை இறக்கியும் இறக்காமலும் நின்று கத்தினார்.

"தங்கச்சி! டொக்குத்தரைக் கண்டனான்!"

"என்னவாம் அண்ணை?"

"காய்ச்சின கஞ்சி மட்டும் காணாதாம்! சினை ஆட்டுக்குப் பச்சை குடுக்கட்டாம்! பச்சை! மறந்துபோகாதையும்!"

வள்ளம் தெற்குப் பக்கம் போய்விட்டது. இராசமணி கரையில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். அடக் கடவுளே, இவ்வளவுதானா? அவித்துக் கொடுத்துத்தான் குட்டியைக் கெடுத்திருக்கிறேன்! பச்சையாய்த் தின்கிற சாதிக்கு அடுப்பு மூட்டியது என்னுடைய பிழைதானே!

சிரிக்காதீர்கள். பச்சைத்தண்ணி, பச்சைமா, பச்சையரிசி என்று விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை சொல்கிற வாய்க்கு, பச்சை என்றால் நெருப்புக் காட்டாதது. அதுவும் கஞ்சி காய்ச்சுகிறவளுக்கு, கஞ்சியைப் பற்றிய பேச்சோடு வந்த சொல். அவளுக்கு வேறு என்ன விளங்கும்? நிறத்தைப் பற்றி நினைக்க அந்தத் தீவில் அப்போது அந்த நிறமே இருக்கவில்லை.

அன்றைக்கே பெரிய பானையைக் கழுவிக் கவிழ்த்தாள். தவிட்டைப் பச்சைத்தண்ணியில் கரைத்து வைத்தாள். ஒடியலை அப்படியே இடித்துப் போட்டாள். ஆடுகள் தின்றன. அவளுக்கு நெஞ்சு இலேசானது. அவள் சொல்லி, அந்த ஒழுங்கையில் ஆடு வைத்திருந்த எல்லாரும் கஞ்சி காய்ச்சுவதை நிறுத்தினார்கள்.

வைகாசி போனது. நாலு மாதம் தாண்டியது. ஆனி வந்தது. ஐந்தும் தாண்டியது. வயிற்றில் பிள்ளை உதைத்தது. சிவபாதம் திருவிழாவுக்கு வந்தான், கோயிலில் காவடி எடுத்தான், மனைவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். "நீர் ஒண்டுக்கும் யோசிக்காதையும். அம்மாள் இந்த முறை கைவிடமாட்டா," என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் ஒடியல்பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும், கிடைத்த நாளில் பேக்கரிப் பாணுமாய்ச் சாப்பிட்டுக்கொண்டு, பட்டியலில் உள்ள எதையும் தொடாமல், கண்ணும் கருத்துமாய் இருந்தாள்.

ஆடியில் சோளகக் காற்று புழுதியை அள்ளி அடித்தது. பொழுதுபடும் நேரம் ஆடுகள் ஒழுங்கைக்குள் தடுமாறத் தொடங்கின. ஒன்றன்மேல் ஒன்று ஏறின. வேலியில் உரசின. பகலில் ஒழுங்காய் நடந்தவைதான். கண்ணில் புழுதி என்று இராசமணி நினைத்தாள்.

ஒரு பின்னேரம் சாமிப்படத்துக்கு விளக்கேற்றப் போனவள் நெருப்புப்பெட்டியை எடுக்கக் கையை நீட்டினாள். கை வெறும் பலகையில் பட்டது. பெட்டி ஒரு சாண் தள்ளி இருந்தது. இருட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். வேலிக்கு அப்பால் அன்னபூரணத்தின் பிள்ளைகள் இன்னும் கிட்டிப்புள் அடித்துக்கொண்டிருந்தது சத்தத்தில் தெரிந்தது. ஆட்கள் தெரியவில்லை.

அதற்கு அடுத்த நாள் ஆடுகளைத் திருப்பிக்கொண்டு வந்தாள். ஒழுங்கை வளைகிற இடம் அவளுக்குப் பன்னிரண்டு வருசப் பழக்கம். சரவணையாள் முன்னால் போனது, இவள் அதன் முதுகில் கையை வைத்தபடி பின்னால் போனாள். இரண்டு பேரும் ஒன்றாய்க் கல்வேலியில் முட்டினார்கள். ஆடு திரும்பி, மறுபடி முட்டியது. இராசமணிக்குச் சிரிப்பு வந்தது. "எடி, உனக்கும் எனக்கும் வயசு போட்டுது," என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, பங்குனியில் முட்டிக்கொண்டு நின்ற அந்த மூன்றாவது குட்டி ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றது. வேலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். வயிற்றுக்குள் பிள்ளை ஒரு புரளல் புரண்டது.

இதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. யாருக்குச் சொல்வது? அன்னபூரணத்துக்குச் சொன்னால் இரவுக்குள் கிழக்குக் கரைவரை போய்விடும். பொழுது சாயுமுன் சமையல், தண்ணீர், விளக்கு எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கதிரையில் இருக்கப் பழகிக்கொண்டாள். இருட்டோடு இருட்டாய்ப் போகிற இடமில்லைத்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஆவணியில் மறுபடி குட்டிகள். பதினொன்று விழுந்தன. ஏழு பழுது. இரண்டுக்கு முதுகு வளைவு, ஒன்றுக்கு முதுகு திறந்தபடி, நாலு வேலியில் முட்டின. இந்த முறை கண்ணைப் பார்த்தாள். கண்மணி ஏதோ பாலாடை படர்ந்ததுபோல மங்கிக் கிடந்தது.

அந்தக் கிழமைதான் மாட்டுக்கு ஊசி போட டொக்குத்தர் இரத்தினசபாபதி தீவுக்கு வந்தார். இராசமணி எட்டு மாத வயிற்றோடு, ஓலைக் கடகத்துக்குள் இரண்டு குட்டிகளை வைத்து, இறங்குதுறைவரை நடந்தாள். மனிதர் கடகத்துக்குள் பார்த்தார். வளைந்த முதுகை விரலால் தடவினார். மற்றக் குட்டியின் இமையை விரித்துப் பார்த்தார்.

"இதுகளின்ரை தாய்மாருக்கு என்ன தீனி அம்மா குடுத்தனீங்கள்?"

"நீங்கள் சொல்லிவிட்டமாதிரித்தான் ஐயா. பச்சைதான்."

"பச்சை குடுத்தும் இப்பிடியோ?" அவர் நெற்றியைச் சுருக்கினார். "எந்த மரத்துக் குழை?"

"குழையோ? குழைக்கு இஞ்சை எங்கை ஐயா போறது? தவிடும் ஒடியலும்தான். ஆனால் சத்தியமாய் ஒரு நாளும் நெருப்புக் காட்டேல்லை. எல்லாம் பச்சையாய்த்தான் குடுத்தனான்."

அவர் அவளைப் பார்த்தார். விளங்குவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை இராசமணி கடைசிவரை மதித்தாள்.

"நான் சொன்னது பச்சை இலை அம்மா. குழை. பூவரசு, முருங்கை, எதெண்டாலும் பச்சை நிறமாய் இருக்கிறது. முதுகு இப்பிடி வளையிறதுக்குக் கனக்கக் காரணம் இருக்கலாம், இதாலைதான் எண்டு நான் அடிச்சுச் சொல்லமாட்டன். ஆனால் கண் இப்பிடிப் போறது வைத்தமின் ஏ குறைவாலை. அது பச்சை இலையிலை இருக்கு. மஞ்சள் பழங்களிலை இருக்கு. தாய் ஆடுகளும் பொழுதுபட்டால் தடுமாறுமே?"

"ஓம் ஐயா."

"அதுதான். மனிசரிலை மாலைக்கண் எண்டு சொல்லுறது."

மஞ்சள் பழங்கள். பப்பாசி, பூசணி, பனம்பழம். அன்னபூரணத்தின் பட்டியல் முழுவதும் அவள் கண்முன் ஓடியது.

"மனிசருக்கும் குழை இல்லாட்டில் வருமோ ஐயா?"

அவர் அப்போதுதான் அவளுடைய வயிற்றைப் பார்த்தார். குரல் இறங்கியது. "உங்களுக்குப் பொழுதுபடக் கண் தெரியிறேல்லையோ?"

"ஒரு மாசமாய் ஐயா."

"ஈரலெண்டாலும் சாப்பிடுறனீங்களோ? முட்டை, மீன்?"

"நேர்த்தி ஐயா. மச்சம் தொடுறேல்லை." பிறகு அவசரமாய்க் கேட்டாள்: "நேர்த்தி கிடக்கட்டும். என்ரை ஆடொண்டை இப்பவே வெட்டி ஈரலைத் திண்டால் சரியோ?"

"வேண்டாம் அம்மா. உங்கடை ஆடுகளின்ரை ஈரலிலையும் ஒண்டுமிராது. அதுகளும் வெறுமைதான். இண்டைக்கே ஆசுப்பத்திரிக்குப் போய் மீனெண்ணெய் வாங்கிக் குடியுங்கோ. நான் துண்டு எழுதித் தாறன். உங்கடை கண் கெதியிலை சரிவரும்."

"பிள்ளைக்கு?"

மாட்டை ஊசிக்குப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. "ஆட்டைப் பற்றித்தான் எனக்குத் தெரியும் அம்மா. ஆட்டுக்கெண்டால், கண்ணும் எலும்பும் உருவாகிறது முதல் மாசங்களிலை. அப்ப குடுத்திருக்கவேணும். மனிசரிலை எப்பிடியெண்டு எனக்குச் சொல்ல ஏலாது. பயப்படாதையுங்கோ."

பயப்படாதே என்று ஒருவர் அந்தக் குரலில் சொன்னால் யார்தான் பயப்படாமல் இருப்பார்கள்?

ஆசுப்பத்திரியில் மீனெண்ணெய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் நேரே கிணற்றடிக்குப் போனாள். முருங்கை அடியை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு பொட்டுப் பச்சையாவது இருக்குமென்று சுரண்டினாள். பட்டுப்போயிருந்தது. அதன் பக்கத்தில் இருந்து ஒப்பாரி வைத்து அழுதாள். பிறகு எழும்பி, முகத்தைக் கழுவி, நயினாதீவு இருக்கிற திசையைப் பார்த்து நின்று, மீனெண்ணெய்ப் போத்தலைத் திறந்தாள். "தாயே, நேர்த்தியை முறிக்கிறன். கோபமெண்டால் என்னிலை காட்டு. பிள்ளையிலை காட்டாதை." ஒரு கரண்டி விட்டாள். குமட்டியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு விழுங்கினாள். பின்னேரம் வேலிக்கு அப்பாலிருந்து அன்னபூரணம் மூக்கை உறிஞ்சி, "ஆரின்ரை வீட்டிலை மீன் மணக்குது?" என்றாள்.

பத்திநாதர் விஷயத்தைக் கேள்விப்பட்டு ஓடிவந்தார். "நான் சரியாய்த்தானே தங்கச்சி சொன்னனான்? அவர் சொன்ன சொல்லைத்தானே சொன்னனான்?"

"நீங்கள் சரியாய்த்தான் சொன்னியள் அண்ணை."

அந்த மனிதர் அதற்குப் பிறகு கிழமைக்கு இரண்டு தரம் புங்குடுதீவு மடத்துவெளியிலிருந்து வள்ளம் நிறையப் பூவரசங் குழையும் முருங்கையிலையும் கொண்டுவந்து இறக்கினார். ஆடுகள் பாய்ந்து விழுந்து தின்றன. இராசமணியும் தின்றாள். வறையாய், சொதியாய், சிலவேளை வெறும் வாயில் பச்சையாய். பத்து நாளில் பொழுதுபட்ட பிறகும் வேலி தெரிந்தது. பதினைந்தாம் நாள் அன்னபூரணத்தின் முகம் தெரிந்தது. தன் கண் தெளியத் தெளிய அவளுக்குப் பயம் கூடிக்கொண்டே போனது. இந்தத் தெளிவு பிள்ளைக்குப் பிந்திவிட்டதோ என்று ஒவ்வொரு கவளத்துக்கும் நினைத்தாள்.

ஐப்பசியில், ஒரு வருசப் பஞ்சத்துக்குப் பிறகு முதல் மழை கொட்டிய நாளில், தீவு ஆசுப்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. மருத்துவமாது பிள்ளையைத் துடைத்துக் கையில் கொடுத்ததுதான் தாமதம், இராசமணி அதைக் குப்புறத் திருப்பினாள். கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகெலும்பை ஒவ்வொரு மணியாய் விரலால் தடவினாள். வளைவில்லை. திறப்பில்லை. மறுபடி ஒருதரம் தடவினாள். நேர், முழு நேர். "அம்மாளே!" என்று அவள் கத்திய கத்தலில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் எழும்பி உட்கார்ந்தாளாம். அம்பிகை என்று பெயர் வைத்தாள். அந்த ஒரு மாதம் அவளைப்போலச் சந்தோசக்காரி அந்தத் தீவில் இல்லை.

முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்து, சாமிப்படத்துக்கு விளக்கேற்றினாள். பிள்ளையைத் தூக்கி விளக்கைக் காட்டினாள். பிள்ளை சாமியையும் பார்க்கவில்லை, விளக்கையும் பார்க்கவில்லை. விளக்கைக் கையில் எடுத்து இடமிருந்து வலம் நகர்த்தினாள். வலமிருந்து இடம் நகர்த்தினாள். இமையை விரித்தாள். கண்மணியில் அந்தப் பாலாடை. அவள் ஏற்கனவே பார்த்த பாலாடை.

யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். பிறவிக்குறை, எதனால் என்று உறுதியாய்ச் சொல்ல ஏலாது, இனிப் பார்வை வராது என்றார் டொக்டர். சிவபாதம் கண்டியிலிருந்து வந்தான். மீனெண்ணெய்க் கதை அவனுக்கு முன்னமே எட்டியிருந்தது. "நேர்த்தியை முறிச்சுப்போட்டீர். இன்னும் இரண்டு மாசம் பொறுக்க ஏலாமல் போச்சோ உமக்கு?" என்று கேட்டு அழுதான். ஊரும் அதையே சொன்னது. அன்னபூரணம் மணத்தைப் பிடித்த நாளையும் நேரத்தையும் சேர்த்துச் சொன்னாள்.

இறங்குதுறையில் கூறைச் சேலையோடு நின்று ஊருக்கே வாய்காட்டியவள் இதற்கு ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை. அம்மாள்தான் செய்தாள் என்று ஊர் சொன்னதை அவள் மறுக்கவில்லை. மறுத்தால் கோடாலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிணற்றடியில் நின்ற ஒரேயொரு பச்சையைத் தன் கையால் தறித்து எறிந்ததைச் சொல்ல வேண்டும். அதைவிட அம்மனின் கோபம் தாங்கக்கூடியதாய் இருந்தது.

அதற்குப் பிறகும் அவள் செம்மறி வைத்திருந்தாள். வளவைச் சுற்றிக் கல்வேலி ஓரமாய் முருங்கைக் கொப்பு நட்டாள், ஒன்றல்ல, பத்தொன்பது. குட்டி விழுந்தால் முதலில் கண்ணைத்தான் பார்ப்பாள். ஒழுங்கையில் எந்தப் பெண் பிள்ளைத்தாச்சியானாலும், கேட்டாலும் கேளாவிட்டாலும், ஒரு கட்டு முருங்கையிலையோடு போய் நிற்பாள். "உன்ரை பேச்சைக் கேட்டு உன்னைப்போல ஆகவோ?" என்று முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினவர்களும் உண்டு. அடுத்த நாளும் போவாள்.

எண்பத்தொன்றில் அம்பிகைக்கு ஏழு வயது. தாயின் வாய் அப்படியே வந்திருந்தது. ஆடுகளைச் சத்தத்தில் இனம்பிரிப்பாள், ஒழுங்கையில் யார் போனாலும் காலடியில் பெயர் சொல்லுவாள். மார்கழி மழை விட்ட ஒரு பகல், தாயும் மகளும் குசினி வாசலில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார்கள். மழைக்குக் கொப்பில் பாதி இலை பழுத்திருந்தது. இராசமணி வேலை மும்முரத்தில் வாய்தவறிச் சொல்லிவிட்டாள்:

"பழுத்ததைத் தள்ளிப்போட்டுப் பச்சையை மட்டும் சுளகிலை போடு பிள்ளை."

அம்பிகையின் விரல்கள் நின்றன. ஒரு இலையை எடுத்துத் தடவினாள். இன்னொன்றை எடுத்துத் தடவினாள். இரண்டும் ஒன்றாய்த்தான் இருந்திருக்கும்.

"பச்சை எண்டால் என்னம்மா?" என்று கேட்டாள். பிறகு, தனக்கே பதில் தெரிந்துவிட்ட சந்தோசத்தில் முகத்தைத் தாயின் பக்கம் திருப்பினாள். "அவிக்காததோ?"

இராசமணி கையிலிருந்த கொப்பைக் கீழே வைத்தாள். பிள்ளை பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

"ஓம் பிள்ளை," என்றாள். "அவிக்காததுதான்."

அம்பிகை தலையாட்டிவிட்டு, பழுத்த இலையையும் மற்ற இலையையும் சேர்த்துச் சுளகில் போட்டாள். இராசமணி அவற்றைப் பிரித்தெடுக்கவில்லை. அப்படியே கழுவி உலையேற்றினாள்.